ஜிம் வில்சன்னு ஒரு போலீஸ்காரர்

ரிட்டையர் ஆனப்புறம் பழைய கருப்பு வெள்ளை இங்கிலீஷ் படங்களா தேடிப் பாத்துட்டு இருக்கேன், அதுல 1951ல வந்த 'ஆன் டேஞ்சரஸ் கிரவுண்ட்' மாதிரி நம்ம போலீஸ் வேலையை உள்ள இருந்து பாத்த படம் வேற இல்லைன்னு சொல்வேன். நிக்கோலஸ் ரே டைரக்‌ஷன், ராபர்ட் ரயன் ஜிம் வில்சன்ங்கிற டிடெக்டிவா வர்றார்.

ஆரம்பமே டியூட்டிக்குக் கிளம்புறதுதான். கூட டியூட்டி பாக்குற மத்த ரெண்டு போலீஸ்காரங்க வீட்லயும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க, இவர் மட்டும் தனி ரூம்ல குற்றவாளிங்க போட்டோவைப் பாத்துக்கிட்டே சாப்பாட்டை முடிக்கிறார். டிபார்ட்மென்ட்ல இருந்தவங்களுக்கு இதுக்கு மேல எதுவும் சொல்ல வேணாம், எங்க ஸ்டேஷன்லயே அப்படி ரெண்டு மூணு பேரைப் பாத்திருக்கேன், லீவு கிடைச்சாலும் வீட்டுக்குப் போக மாட்டாங்க, கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட யாரு எவன்னு ஒவ்வொரு மூஞ்சியா எடை போட்டுட்டு நிப்பாங்க.

ஒரு அக்யூஸ்டை அடிக்கிறதுக்கு முன்னாடி வில்சன் கத்துவார் பாருங்க, ஏன்டா என்னை இப்படிப் பண்ண வைக்கிறீங்கன்னு. அடிக்கிறவர்தான் கெஞ்சுறார். கூட இருக்கிற பெரியவர்கிட்ட, எப்படி உங்களால உங்களோடவே வாழ முடியுதுன்னு கேப்பார், அதுக்கு அவர், நான் மத்தவங்களோட வாழுறேன்பார். இந்த வேலையில தப்பிச்சு வந்தவங்க எல்லாருமே அந்தப் பெரியவர் ஜாதிதான், சாயந்திரம் ஆனா பேரன் பேத்தி, கோயில், தோட்டம்னு ஏதோ ஒண்ணு அவங்களை இழுத்துப் புடிச்சிருக்கும்.

அடி எல்லை மீறினதும் அதிகாரி இவரை வடக்கே பனி கொட்டுற ஊருக்கு ஒரு கொலை கேஸுக்கு அனுப்பிடுறார், நம்ம ஊர்ல தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துற மாதிரின்னு வைங்களேன். அங்க செத்த பொண்ணோட அப்பா துப்பாக்கியைத் தூக்கிட்டு கொலைகாரனைச் சுட்டே தீருவேன்னு அலையுறார். அவரைத் தடுக்கப் போற எடத்துல வில்சன் பாக்குறது தன்னோட கோபத்தையேதான். அப்புறம் கண்ணு தெரியாத மேரி, ஐடா லுபினோ நடிச்சது. யாரையும் நம்ப முடியாத வேலைன்னு இவர் சொல்ல, நான் எல்லாரையும் நம்பித்தான் ஆகணும்னு அந்தம்மா சொல்றாங்க. அந்தம்மா பேசுற எடத்துலெல்லாம் மியூசிக் போட்ட பெர்னார்ட் ஹெர்மன் வியோலா தமோர்னு ஒரு பழைய தந்தி வாத்தியத்தை வாசிக்க விட்டிருக்கார், துரத்துற சீனுக்கோ ஹார்ன்ங்கிற ஊதுற வாத்தியம் பிச்சு உதறுது.

டைரக்டர் முதல்ல நெனச்ச முடிவுல வில்சன் சிட்டிக்கே போயிடுவாராம், படத்துல மேரிகிட்டயே திரும்பி வர்றார். இந்த முடிவு சினிமாத்தனம்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. திரும்பவும் அதே ரூம், அதே போட்டோ, அதே தெருன்னு போனா அந்த ஆள் ஒரு மாசத்துல பழையபடி ஆயிடுவார், அதைக் கண்ணால பாத்தவன் நான்.