சர்க்கரை உள்ளவர் காலில் புண்: ராமநாதபுரம் கரையில் எங்கே போவது, என்ன கேட்பது

மண்டபமோ கீழக்கரையோ, காலில் புண் என்றால் முதலில் போகும் இடம் மருந்துக்கடை. ஒரு ஆயின்மெண்ட், ஐந்து நாள் மாத்திரை. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது. மேலே ஆறுகிற மாதிரி இருக்கும், உள்ளே சீழ் கோத்துக்கொண்டிருக்கும்.

'கால் டாக்டர்' போர்டைத் தேடி அலைய வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும்போதே பொது அறுவை சிகிச்சைப் பிரிவு என்று சொல்லுங்கள். ஆதார், பழைய சுகர் சீட்டுகள், மாத்திரை அட்டைகள் கையில் இருக்கட்டும். தினமும் போடும் செருப்போடு போங்கள். புண்ணுக்குக் காரணம் பல நேரம் அதன் அடியிலேயே குத்தி நிற்கும். காய்ச்சல், நாற்றம், கறுத்த சதை, புண்ணின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. சிவப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவு.

கடலில் பட்ட காயம் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பாசி எடுக்கும்போது பாறை கிழித்தது, கெளுத்தி முள் ஏறியது எல்லாம் இதில் சேர்த்தி. உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமிக்கு மருந்தே வேறு. சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்கு அது மணிக்கணக்கில் பரவும். திருக்கை முள் குத்தினால் சுடுதண்ணீரில் கால் வைப்பது சரியான வைத்தியம்தான். ஆனால் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்தே போகும். வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு. 1.3க்கு மேலே போனாலும் நிம்மதி வேண்டாம், குழாய் கல்லாகிப் பொய்க் கணக்குக் காட்டுகிறது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனை கேளுங்கள். விரலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், சீழ் பரவும் அவசரம் இல்லாதபோது, மதுரையில் ரத்தக்குழாய் நிபுணரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஓட்டம் இல்லாத இடத்தில் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது. இன்னொன்று, எலும்புச் சீழ் எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் படம் சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றை முன்பே வாங்கி வையுங்கள், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

வீட்டில் கட்டு மாற்றும்போது புண்ணைக் கழுவ 100 மி.லி. சலைன் (உப்புநீர்) பாட்டில் போதும். பெரியதை உடைத்தால் மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். டேப்பைக் காலைச் சுற்றி வளையமாக ஒட்டினால் வீங்கும்போது இறுக்கும்.

ஆயிரம் மருந்து போட்டாலும் உள்ளங்கால் புண்ணின் மேல் நடந்தால் ஆறாது. இதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ரப்பர் செருப்பு மரத்த காலிலிருந்து கழன்றாலும் தெரியாது. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு கேளுங்கள். கால் வீங்கியிருக்கும் மாலையில் அளவு கொடுங்கள். புண்ணுக்கு நேராக ஓட்டை வெட்டச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். ஓட்டையின் விளிம்பு புதுப் புண் போடும்.

வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், அந்தப் படங்களோடு போய் சிகிச்சையை மாற்றச் சொல்லுங்கள்.