டிஐ-84 பிளஸில் எண் ஊகிக்கும் விளையாட்டு

இந்தக் கால்குலேட்டரில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டாதீர்கள். திரையில் காட்டும் கட்டளையான 'டிஸ்ப்' என்பதை அப்படித் தட்டினால் நான்கு மாறிகளின் (எண்களை வைக்கும் எழுத்துகளின்) பெருக்கலாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். 'பிஆர்ஜிஎம்' விசையை அழுத்தி, மெனுவிலிருந்தே எடுங்கள்.

முதலில் தற்செயலாக ஓர் முழு எண் தரும் 'ராண்ட்இன்ட்' கொண்டு 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை 'என்' மாறியில் வையுங்கள். பிறகு ஆடுபவரின் ஊகமான 'ஜி' அதற்குச் சமமாகும்வரை திரும்பத் திரும்ப ஓடும் 'ரிப்பீட்' வளையம். உள்ளே 'ப்ராம்ப்ட்' 'ஜி'யைக் கேட்கும், 'இஃப்' பெரிதா சிறிதா என்று சொல்லும். 'வைல்' வேண்டாம். அது தொடக்கத்திலேயே சோதிக்கும். போன ஆட்டத்தில் 'ஜி'யில் தங்கிய எண் தற்செயலாகப் பொருந்தினால் ஆட்டம் தொடங்காமலே முடிந்துவிடும்.

வளையத்துக்குள்ளிருந்து 'கோட்டு' (வேறு இடத்துக்குத் தாவும் 'Goto' கட்டளை) போட்டு வெளியே தாவுவது மோசமான பழக்கம். வளையத்தை முடிக்கும் 'எண்ட்' வராததால் ஒவ்வொரு தாவலும் கொஞ்சம் நினைவகத்தைத் தின்னும். கடைசியில் நினைவகப் பிழை வந்து நின்றுவிடும்.

முடித்ததும் 'ஆர்க்கைவ்' செய்யுங்கள், அதாவது அழியாத நினைவகத்துக்கு மாற்றுங்கள். தற்காலிக நினைவகமான ரேமை அழித்தாலும் புரோகிராம் பிழைக்கும்; மறுபடி ஓட்டுமுன் 'அன்ஆர்க்கைவ்' தேவை.