மாலைதீவுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, பேரை மட்டும் வடிவாகப் பாருங்கோ

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்திலிருந்து சென்னை கூப்பிடு தூரம்தான். ஆனால் எங்கட இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தியா விசா கேட்கும். முன்கூட்டி விசா எடுக்காமல் போய் இறங்கக்கூடிய அயல்நாடு மாலைதீவு. மாலே விமானநிலையக் குடிவரவுக் கவுண்டரில் 30 நாளுக்குச் சுற்றுலா விசா தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கவுண்டரில் தருகிற விசா என்றபடியால், கடதாசி சரியில்லை என்று கண்டால் தராமலும் விடலாம் என்பதை மறக்கக்கூடாது.

கேட்பது இவ்வளவுதான்: குறைந்தது 1 மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் ரிக்கெற், காசு கட்டி முடித்த தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம், இமுகா என்ற ஒன்லைன் பயணி அறிவிப்புப் பத்திரம். தங்குமிடத்தில்தான் கனபேர் மாட்டுவது. "போய்க் கட்டலாம்" என்று வெறும் பதிவோடு போகாதீர்கள். பதிவில் உங்கட பேரும், வருகிற நாளும், போகிற நாளும் இருக்கவேணும். குடும்பமாகப் போனால் எல்லோருடைய பேரையும் போடச் சொல்லுங்கள். அதைப் போனில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு பிரிண்டும் எடுங்கள். இறங்கின இடத்தில் இன்ரர்நெற் கிடைக்காவிட்டால் போனில் இருந்தும் பிரயோசனமில்லை.

எங்கட ஆக்களுக்கு மற்றச் சிக்கல் பேர். தகப்பன் பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் பின்னுக்கு என்று எழுதுகிற பழக்கத்தால் ரிக்கெற்றில் ஒரு மாதிரியும் இமுகாவில் இன்னொரு மாதிரியும் விழும். முதலெழுத்தை மட்டும் போட்டு "கே. சிவகுமார்" என்று ரிக்கெற் எடுப்பதும் உண்டு. பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். அங்கே இரண்டு வரி, ஒவ்வொன்றிலும் 44 எழுத்து. மேல்வரியில் எல்கேஏ என்ற நாட்டுக் குறிக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர். அது முடிகிற இடத்தில் இரண்டு அம்புக்குறிகள் (<<) ஒட்டி நிற்கும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மற்றப் பெயர்கள். ஒற்றை அம்புக்குறி வெறும் இடைவெளி. அந்த வரிசையிலேயே எல்லா இடத்திலும் நிரப்புங்கள். பேருக்கு அந்த வரியில் 39 இடம்தான், நீண்ட பேர் கடைசியில் வெட்டுப்படும். அதைப் பார்த்துப் பதறாமல், எழுத்துக்கூட்டலை மேலே அச்சடித்த முழுப் பேரிலிருந்து எடுங்கள். பாஸ்போர்ட் இலக்கத்தில் முதலெழுத்துக்குப் பிறகு வருவதெல்லாம் எண். சுழியத்துக்குப் பதிலாக 'ஓ' தட்டினால் பிழை.

இமுகா என்பது மாலைதீவுக் குடிவரவுத் திணைக்களத்தின் பயணி அறிவிப்புப் பத்திரம். விமானம் புறப்பட 96 மணித்தியாலத்துக்குள் ஒன்லைனில் நிரப்பவேணும். ஒரு கிழமைக்கு முன்னரே முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. இதற்கும் கட்டணம் இல்லை. தேடும்போது முதலில் வருகிற சில தளங்கள் டொலர் கேட்கும். அரச தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் எம்வி' என்று முடியும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அனுப்பினதும் வருகிற கியூஆர் குறியைச் சேமித்து வையுங்கள்.

பாஸ்போர்ட்டே இல்லாதவர்கள் இனி வவுனியாவுக்கு ஓடவேண்டியதில்லை. 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமானநிலையம் வரை போவது அலுப்பு என்று பலாலி, சென்னை, மாலே என்று தனித்தனி ரிக்கெற் எடுக்க யோசிப்பவர்கள் கவனிக்கவேணும். சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட இந்தியக் குடிவரவைத் தாண்டவேணும். அதற்கு விசா வேணும்.

"சுற்றுலா விசாவில் வா, வந்தபிறகு வேலை விசா ஆக்கலாம்" என்று ஒரு ஏஜென்ற் சொன்னால் நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். வேலைக்குப் போகிறவர்கள் அனுமதியை முதலில் கையில் வாங்கி, இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பதிந்துவிட்டுத்தான் ஏறவேணும்.

பெட்டியில் சாராயம், பன்றி இறைச்சி, வேப் என்கிற மின்சிகரெட் எதுவும் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை. அம்மா பத்திரமாகத் துணிக்குள் சுற்றி வைத்துவிடுகிற குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உள்ளூர் மக்கள் வாழும் தீவில் 50 அறைக்குக் குறைந்த விருந்தினர் இல்லம் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டொலர் பசுமை வரி. அறை வாடகையில் அது சேர்ந்ததா என்று முதலே கேளுங்கள். மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வையுங்கள். திரும்பி வரும்போதும் இமுகா இன்னொருதரம் நிரப்பவேணும், அதே 96 மணித்தியாலக் கணக்கு.