நூறிலிருந்து ஏழு: சைக்யாட்ரி பி.ஜி. படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு

எம்.டி. சைக்யாட்ரியில் (மனநல மருத்துவ மேற்படிப்பில்) மாவட்ட ரெசிடென்சிக்காக, அதாவது மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்காக, மூன்று மாதம் நீலகிரியில் இருந்தேன். கல்லூரியின் உள்தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எப்போது எடுப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து என்பேன்.

ஒருநாள் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். மறதி என்று மகள் கூட்டிவந்திருந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93 என்றவர் அதோடு நின்றுவிட்டார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றால் என்ன என்று கேட்டேன். "அம்மி எப்படிங்கய்யா நகரும்?" என்றார். டிமென்ஷியாவாக (மறதி நோயாக) இருக்கலாம் என்று எழுதி, கேஸை என் மூத்த மருத்துவரான சாரிடம் சொன்னேன்.

சார் நாற்காலியை அந்த அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து எத்தனை கிலோ இலை எடுத்தீங்கம்மா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "காலைல 14, மத்தியானம் 11, சாயங்காலம் 6. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சு 29 வரணும். 28தான் எழுதியிருக்காங்க."

அடுத்து தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்குவதில்லை, யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, இரண்டு மாதமாக இப்படித்தான். அந்த அம்மாவுக்கு இருந்தது மனச்சோர்வு. அதன் அறிகுறிகளைத் தேர்வுத்தாளில் ஒன்றுவிடாமல் எழுதக்கூடிய நான், எதிரில் இருந்தவரிடம் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990-ல் சொன்ன திறன் பிரமிடில், கீழிருந்து மேலாக நான்கு படிகள்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்ட முடியும், அன்றாட வேலையில் செய்கிறோம். நான்கு தியரி பேப்பரும் பெரும்பாலும் கீழ் இரண்டு படிகளைத்தான் அளக்கும். மேலே உள்ளதை அளக்க, நாம் நோயாளியிடம் பேசும்போது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தாக வேண்டும். அதனால் செய்முறைத் தேர்வின் லாங் கேஸ் வரை காத்திருக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது கன்சல்டன்டிடம், "சார், 15 நிமிஷம் உட்கார்ந்து பாருங்க, அப்புறம் எங்கே தப்புன்னு சொல்லுங்க" என்று நீங்களே கேளுங்கள். மினி-சி.இ.எக்ஸ். (Mini-CEX) என்ற மதிப்பீட்டு முறை இதுதான். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

எம்.எஸ்.இ.-யில் (மனநிலைப் பரிசோதனையில்) கணக்கு கேட்கும் முன் படிப்பு எதுவரை என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகாதவரிடம் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லலாம், சந்தைக் கணக்கு கேட்கலாம். வீட்டில் படுகு (படுகர் மொழி) பேசுபவரிடம் தமிழ்ப் பழமொழியைக் கேட்டுவிட்டு, பதில் வராததை நோய்க்குறி என்று எழுதாதீர்கள். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியை மகள் மூலம் மொழிபெயர்த்துக் கேட்கவே வேண்டாம்.

மனப்பாடம் செய்ததையும் ஆளோடு சேர்த்து யோசித்துப் பழகுங்கள். குன்னூர்க் குளிரில் லித்தியம் சரியாக ஒத்துப்போனவர் சித்திரையில் மேட்டுப்பாளையத்துக்குக் கட்டட வேலைக்கு இறங்குகிறார். வியர்வையில் உப்பும் நீரும் போனால் அதே மாத்திரையிலேயே ரத்தத்தில் அளவு ஏறும். எனக்கு வைவாவில் இதை யாரும் கேட்கவில்லை. ஓ.பி.யில் லித்தியம் சாப்பிடும் ஒருவர் கை நடுங்க வந்து நின்றார், அளவு ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம்; எங்கே வேலை என்பதைத்தான் முதலில் கேட்டேன்.