கேஷுவாலிட்டியில் ஒரு புரட்டாசி: டர்பன் நாட்குறிப்பு

செப்டம்பர் 16, 2024, திங்கள்

மூன்றாம் ஆண்டு மாணவர்களில் புது அணி ஒன்று இன்று என்னிடம் வந்து சேர்ந்தது. இடம் கேஷுவாலிட்டி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு. பலகையில் வேறு பெயர் எழுதி வருஷக்கணக்காகிறது, ஆனால் டர்பனில் யார் வாயிலும் அது ஏறவில்லை. புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் திருச்சிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு, வந்தவள். நர்சிங் மாணவர்களோடு கூடவே நின்று வேலை பழக்குவது என் உத்தியோகம்.

பத்து மணிக்கு அவர்கள் எழுதிய டிரயாஜ் தாள்களை, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் தாள்களை, வாங்கிப் பார்த்தேன். ரத்த அழுத்தம் ஆளுக்கு ஒன்று, நாடி ஆளுக்கு ஒன்று, காய்ச்சல் ஆளுக்கு ஒன்று. மூச்சு மட்டும் அத்தனை பேருக்கும் நிமிடத்துக்கு 20. நெஞ்சு வலிக்காரருக்கும் 20, கணுக்கால் சுளுக்கிய பையனுக்கும் 20. மற்றதையெல்லாம் மெஷினும் தெர்மாமீட்டரும் சொல்லிவிடும். மூச்சை மனுஷர்தான் ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க ஆளில்லை. மூத்தவர்களே 20 என்று போட்டுவிட்டுப் போகிறார்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள்.

பேத்தியின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்த ஒரு பெரியவர் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாடி 104, காய்ச்சல் 37.9, மூச்சு அதே 20. தென்னாப்பிரிக்க டிரயாஜ் முறையில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. நாடிக்கு 1, துணையோடு நடந்ததற்கு 1, மூச்சுக்கு 1. ஆக 3, மஞ்சள். ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்தால் போதும்.

தாளை எழுதிய பெண்ணை மறுபடி எண்ணச் சொன்னேன். "எண்ணப் போறேன்னு அவர்கிட்ட சொல்லாதே, சொன்னா மூச்சு மாறிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ, கண்ணு நெஞ்சு மேல இருக்கட்டும். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதே." உதடு அசைய எண்ணினாள். 32. மூச்சு 29-ஐத் தாண்டினால் 3 புள்ளி. மொத்தம் 5, ஆரஞ்சு, பத்து நிமிடம். ஸ்ட்ரெச்சர் வந்தது. மத்தியானம் எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது.

அந்தப் பெண் அதற்கப்புறம் சாயங்காலம் வரை யாரிடமும் அதிகம் பேசவில்லை. திட்டவில்லை நான். திட்டுவதற்கு அவளுக்கு முன்னால் வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. மாமியார் மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவி மேல் தட்டில் ஏற்றிவிட்டார். இனி ஒரு மாதம் வீட்டில் அது இறங்காது.

ஏழு மணிக்கு இரவு ஷிஃப்ட் கைமாற்றும்போது மாணவர்களையும் பேசச் சொன்னேன். எண்கள் எல்லாம் மனப்பாடம். "சரி, இவருக்கு என்ன நடக்குதுன்னு நீ நினைக்கிறே?" என்று கேட்டதும் ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

எஸ்பார் முறையை வகுப்பில் படித்திருக்கிறார்கள், பரீட்சையில் எழுதியும் இருக்கிறார்கள். அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த முறை. இப்போது என்ன நிலை, அதன் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும்: இந்த நாலையும் வரிசையாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இன்று தேநீர் அறையில் பழைய டெலிபோன் ரிசீவரை வைத்துக்கொண்டு நான் டாக்டராக உட்கார்ந்தேன். உம்லாசியிலிருந்து வருகிற பையன் கூப்பிட்டான். "டாக்டர், நாலாம் படுக்கை, அழுத்தம் 92-க்கு 58, நாடி 118." அதோடு நிறுத்தினான். நானும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவ்வளவுதான் டாக்டர்" என்றான். "சரி, நன்றி" என்று நான் போனை வைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில் இருக்கும் நிஜ டாக்டரும் இதைத்தான் செய்வார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நோய் இன்னதுன்னு சொல்றது டாக்டர் வேலை, மேம். நாம சொன்னா அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?" இந்தப் பதிலை நான் திருச்சியில் படித்த காலத்திலேயே கேட்டிருக்கிறேன், மொழிதான் வேறு. அவனுக்கு ஆர்2598-ஐ எடுத்துக் காட்டினேன். பதிவுபெற்ற நர்ஸின் வேலை எதுவரை என்று 1984-ல் வந்த அரசு அறிவிப்பு. நோயாளியின் நலத் தேவையைக் கண்டறிவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உடம்பையே பாதிக்கும் நிலை, என்று முத்திரை குத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "காலையைவிட மோசமாகிக்கிட்டே வர்றார், எங்கேயோ ரத்தம் போகுதோ, தொற்று பரவுதோன்னு பயமா இருக்கு, அரை மணி நேரத்துக்குள்ள நீங்க வந்து பார்க்கணும்." இதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். வேண்டாம்.

மறுபடி கூப்பிடச் சொன்னேன். இந்த முறை மூன்றாவதைச் சொன்னான், நாலாவதை முழுங்கிவிட்டான். பரவாயில்லை.

செப்டம்பர் 21, சனி

சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. முதல் சனிக்கிழமை அல்லவா. பூசணி, வாழையிலை, கறிவேப்பிலைக் கட்டு. 1860-க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாம் ஐந்தாம் தலைமுறை. தமிழ் பேச வராத பிள்ளைகள்கூட நெற்றியில் நாமத்தோடு கோவிந்தா போடுகிறார்கள்.

மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, "ஷுகர் மாத்திரை" என்பார். சாயங்கால விளக்கு வரை விரதம். "மாத்திரை?" என்றேன். "அதெல்லாம் காலையிலேயே போட்டாச்சு" என்றார் பெருமையாக. கிளினிக்கில் மாத்திரையைத் தவறவிடாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நல்லவேளை, அவருடையது மெட்ஃபார்மின் மட்டும். தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையைப் பள்ளத்தில் தள்ளுகிற ரகம் அல்ல. ஆனாலும் வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நீண்ட வாதத்துக்குப் பிறகு பாதி சாப்பிட்டார்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்றைக்கு நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும்.

காலை ஒன்பதே முக்காலுக்கு எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவை மகன் காரிலிருந்து தூக்கி இறக்கினார். பேச்சு குழறுகிறது, வலது கை தூக்க வரவில்லை. "ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக்" என்று மகன் கத்த, வாசலில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது. தாளின் தலையிலும் அதுவே ஏறிவிட்டது.

உம்லாசிப் பையன்தான் புள்ளி போட்டான். மூச்சு 18, நிஜமாகவே எண்ணினான், நான் பார்த்தேன். அதற்கு 1. நாடி 108, அதற்கு 1. குழப்பமான பேச்சுக்கு 2, ஸ்ட்ரெச்சருக்கு 2. மொத்தம் 6, ஆரஞ்சு. பேனாவை மூடப் போனவன் நின்றான். அந்த அம்மாவின் நெற்றியைப் புறங்கையால் தொட்டான். சட்டைக் கழுத்து முழுக்க நனைந்திருந்தது. செப்டம்பர் காலையில், ஃபேனுக்குக் கீழே, இவ்வளவு வியர்வை எதற்கு? வாய்விட்டே கேட்டான், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. பிறகு ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஹெச்ஜிடி மெஷினை எடுத்து விரலில் குத்தினான்.

2.1 மில்லிமோல்.

3-க்குக் கீழே போனால் புள்ளி எத்தனை ஆனாலும் சிவப்பு. சிஸ்டர் ஓடி வந்தார், டாக்டர் வந்தார், ஊசிவழி டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசல் ஏறியது. கால் மணி நேரத்தில் 7.8. அந்த அம்மா கண்ணைச் சுழற்றிப் பார்த்து, வலது கையாலேயே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். சர்க்கரை இறங்கினால் பக்கவாதம் போலவே வேஷம் கட்டும் என்று பாடத்தில் படித்தவர்கள்தான் எல்லோரும். கண்ணெதிரே வேஷம் கலைவதைப் பார்ப்பது வேறு. மகன் அழுதுவிட்டார்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். "சரியாயிட்டாங்க, மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று பேச்சு வந்தது. படுக்கைக்கு வெளியே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். பையன் வாங்கிய பாராட்டைவிட இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

போன வாரம் எல்லோருக்கும் 20 போட்டவள் தமிழ் வம்சாவளிப் பெண். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று மகன் முன்னமே கேட்டு, "ஆமா, ஒரு நாள்கூட விட்டதில்ல" என்ற பதிலும் வந்திருந்தது. அவள் அந்தக் கேள்வியைத் திரும்பப் போடவில்லை. "நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க ஆயா" என்றாள். இங்கிலீஷில்தான், நடுவில் ஆயா மட்டும் தமிழ்.

கதை வந்தது. எழுந்து குளித்தது, கோலம் போட்டது, மாத்திரை போட்டது, பூப்பறித்தது. மகள் போன் பண்ணியது. சாயங்காலம் விளக்கேற்றிச் சோறு. புரட்டாசி முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. நேற்று வயிறு சரியில்லாததால் அந்த ஒருவேளையும் இரண்டு கவளம்தான். இன்று காலை எழுந்து, மறுபடி மாத்திரை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகனுக்கு இதில் பாதி தெரியாது.

"எந்த மாத்திரைன்னு பார்க்கலாமா?" பையிலிருந்து வந்த அட்டையில் கிளிமெபிரைட் இருந்தது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும் ரகம் அது. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகாது. டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்தபின்னும் மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அவள் எழுந்து டாக்டரிடம் போனாள். நாலையும் சொன்னாள். "இன்னிக்கு அனுப்பக் கூடாதுன்னு நினைக்கிறேன், மணிக்கொரு தடவை ஹெச்ஜிடி பார்க்க அனுமதி வேணும், சிறுநீரகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கலாமா?" டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இரண்டரை மணிக்கு 3.4. வீட்டில் இருந்திருந்தால் அது மத்தியானத் தூக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பாரம்பரிய தினம், விடுமுறை. முன்பு இந்த மாகாணத்தில் இதே நாளை ஸூலு மன்னர் ஷாகாவின் பெயரால் ஷாகா நாள் என்பார்கள். தெருவெல்லாம் பிராய், அதாவது கறி சுடும் புகை. எங்கள் வீட்டு அடுப்பில் சோளமும் உருளைக்கிழங்கும்.

செப்டம்பர் 26, வியாழன்

ஒரு ஸூலு கோகோ. பாட்டி வயது. பச்சைத் தாள், அதாவது நாலு மணி நேரம் காத்திருக்கலாம். குறிப்பில் "இடுப்பு வலி" என்று மட்டும் இருந்தது. வரவேற்பில் இருந்தவருக்கு ஸூலு தெரியாது, வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரரைக் கூப்பிட்டு அவர் மூலம் கேட்டிருக்கிறார். செக்யூரிட்டி, துடைப்பம் பிடித்திருப்பவர், பள்ளிக்கூடம் போகாமல் கூட வந்த பேரன்: எங்கள் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர்கள் இவர்கள்தான். 2003-ம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-வது பிரிவு, நோயாளிக்குப் புரிகிற மொழியில், அவர் படிப்புக்குத் தக்கபடி, முடிந்தவரை சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்த "முடிந்தவரை"யில் எல்லோரும் சௌகரியமாகக் குடியிருக்கிறோம்.

குவாமாஷுவிலிருந்து வரும் பெண் என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன். திரையை இழுத்தாள். நின்றபடி பேசாமல், கோகோவின் கண்ணுக்குக் கீழே வருகிற மாதிரி உட்கார்ந்தாள். ஊர் எது, வீட்டில் யார் யார், பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் போனது பேச்சு. எனக்குப் பாதிதான் புரிந்தது. மாணவர்களில் ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அவளை நான் பார்த்தேன்.

ஐந்தாறு நிமிடம் கழித்துக் குரல் தணிந்தது. தீட்டு நின்று பல வருஷமாகிறது, மூன்று மாதமாக ரத்தம் படுகிறதாம். ஓர் ஆண்பிள்ளை முன்னால், அதுவும் பேரன் வயதுக்காரன் முன்னால், எந்தக் கோகோ இதைச் சொல்வாள்? மாதவிடாய் நின்றபின் ரத்தம் என்றால் கருப்பைப் புற்றா, கருப்பைவாய்ப் புற்றா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்தப் பேச்சு இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கு பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

மகளிர் பிரிவுக்குக் கடிதம் எழுதினோம். எழுதியபின் அந்தப் பெண், சொன்னதையெல்லாம் கோகோவையே திருப்பிச் சொல்லச் சொன்னாள்: எந்த நாள், எந்த வாசல், என்ன கொண்டுவர வேண்டும். முதல் தடவை கோகோ "யெபோ, யெபோ" என்று தலையாட்டினார். இரண்டாம் தடவை சொல்லும்போது கிழமை தப்பாக வந்தது. திருத்தி, தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 30, திங்கள்

உம்லாசிப் பையன் இன்று நிஜ டாக்டரை நிஜ போனில் கூப்பிட்டான். நான் இரண்டடி தள்ளி நின்றேன். எதிர்ப்பக்கம் எரிச்சல், எனக்கே கேட்டது: "அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்றே?" பையன் காது சிவக்க, "நீங்க வந்து பார்க்கணும் டாக்டர், பத்து நிமிஷத்துக்குள்ள" என்றான். பதினைந்து நிமிடத்தில் வந்தார். முகம் நல்லபடியாக இல்லை. நோயாளியைப் பார்த்தபின் ஐ.சி.யூ.வுக்குப் போன் பண்ணினார், பையனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா மேம்?" என்றான். இல்லை என்றேன். நன்றி சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், இன்றைக்கு வந்தவர் அந்த ரகம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இதே அணி குழந்தைகள் பக்கம் போகிறது. சிறுசுகளுக்கு மூச்சு, நாடி எல்லாவற்றுக்கும் அளவு வேறு, பெரியவர்கள் தாளை அங்கே நீட்ட முடியாது. ஆளுக்கொரு குழந்தைத் தாள் அச்செடுக்க வேண்டும். பேப்பர் ஸ்டோரில் கேட்டால் அடுத்த மாதம் வா என்கிறார்கள், வீட்டுப் பிரிண்டரில்தான் எடுக்கப் போகிறேன்.