ரோல் நம்பரைச் சொல்லு: ரங்கூன் நாட்குறிப்பு

2024 நவம்பர் 25, திங்கள்

இன்று தேசிய தினம், விடுமுறை. 1920-ல் ரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கிய கையோடு மாணவர்கள் நடத்திய புறக்கணிப்பின் நினைவாக வந்த நாள். பர்மியக் காலண்டர்ப்படி தேய்பிறைக் கணக்கு என்பதால் வருஷா வருஷம் தேதி மாறும். மாணவர் போராட்டத்துக்கு லீவு விடுகிற நாட்டில் பல்கலைக்கழகம் எத்தனை தடவை பூட்டப்பட்டது என்று எங்கள் வயசுக்காரர்களைக் கேட்டால் ஒரு பாட்டம் சொல்வோம்.

கரண்ட் காலையில் வந்தது. வந்ததும் போன் விடாமல் கத்தியது. எங்கள் வேதியியல் வகுப்பின் வைபர் குழுவில் ராத்திரி பூரா தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் இறங்கின: தாமரைப் பூ, புத்தர், சூரியோதயம், மறுபடி தாமரைப் பூ. பாதிப் பேர் பேரக் குழந்தை படம் போடுவார்கள், மீதிப் பேர் கட்டைவிரல் போடுவார்கள். இதற்கா இத்தனை பாடுபட்டுச் சேர்ந்தோம் என்று எரிச்சல் வரும்.

நடுவில் உருப்படியாக ஒன்று. டிசம்பர் 22 ஞாயிறு கடோ பொவே. பழைய ஆசிரியர்களை உட்கார வைத்து, விழுந்து வணங்கி, ஆளுக்கொரு உறை கொடுக்கிற விழா. பணம் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியைப் பொருளாளர் போட்டுவிட்டாள். அவள் கரேன் இனத்துக்காரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பணம் அனுப்பாதவர்களின் ரோல் நம்பரைக் குழுவிலேயே போட்டு மானத்தை வாங்குவாள்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

பல்கலைக்கழகத்தின் பிறந்த நாள். நூறாவது பிறந்த நாள் கொரோனாவுக்குள் வந்து போனது. அட்டகாசமாகக் கொண்டாடலாம் என்று போட்ட திட்டமெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடங்கியது.

டிரங்குப் பெட்டியிலிருந்து என் ஆட்டோகிராப் புத்தகத்தை எடுத்தேன். அந்தக் காலத்தில் வருஷக் கடைசியில் வகுப்பு பூரா சுற்றி வரும் புத்தகம். பெயர், பிறந்த கிழமை, முகவரி, பிடித்த பாட்டு, கீழே பாஸ்போர்ட் அளவுப் படம். சோற்றுப் பசையில் ஒட்டியதால் படங்களின் ஓரத்தை எறும்பு தின்றிருக்கிறது. முகவரிகளில் முக்கால்வாசி இப்போது இல்லாத வீடுகள்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இரண்டு பெயர். வீட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் பர்மியப் பெயர் ஒன்று. கல்லூரியில் என்னை அந்தப் பர்மியப் பெயரில்தான் தெரியும். பர்மியர்களுக்கோ குடும்பப் பெயர் கிடையாது. பேஸ்புக்கில் ஒரு தோழியின் பெயரைத் தட்டினால் அதே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நிற்பார்கள். அதில் எவள் நம்மவள் என்று கண்டுபிடிப்பது? அதனால்தான் எங்களுக்குள் ரோல் நம்பர். புது எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் முதல் கேள்வி அதுதான். சரியாகச் சொன்னால் ஆள் நம்மவள்.

17 இன்னும் கிடைக்கவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரி, தமிழ்ப் பெண். 1988-ல் கடைசியாகப் பார்த்தது. குடும்பத்தோடு எல்லை தாண்டினாள் என்றார்கள், இல்லை மதராசுக்குப் போனாள் என்றார்கள். போன இடத்தில் வீட்டுப் பெயரில் வாழ்கிறாளோ என்னவோ. பட்டியலில் அவள் வரிசை காலியாகத்தான் இருக்கிறது. பொருளாளர் அதை நீக்க விடமாட்டாள்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

சிங்கப்பூர்க்காரி பேசினாள். பெனின்சுலா பிளாசாவில் ஒரு கடையில் பணத்தைக் கட்டிவிட்டாளாம், நாளை இங்கே என் கைக்கு வரும். எங்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டியலில்தான், பேங்குக்கு வெளியே ஆள் மூலமாக, அனுப்புவது. பேங்கு விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் வேறு யோசனையே வராது.

“ஏன்டீ, ஒவ்வொரு வருஷமும் உறை, உறைன்னு... நாம சந்திக்கிறதுக்கு ஒரு சாக்குதானே இது?” என்றாள்.

சாக்குதான். சாக்கு இல்லாமல் சந்தித்த வகுப்பு எதுவும் நான் பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய பிறகு பல வருஷம் எங்களுக்குள் ஒன்றுமே கிடையாது. அப்போது வீட்டில் போன் இருப்பது பெரிய இடத்துக் கதை, மற்றவர்களுக்குத் தெருவோரம் மேசை போட்டு வைத்திருக்கும் போன்தான். செல்போன் சிம் கார்டு லட்சக்கணக்கான கியாட் விற்ற காலமும் இருந்தது. 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்த பிறகு நாடே பேஸ்புக்கில் ஏறியது, நாங்களும் ஏறினோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து அதையும் மூடியது. விபிஎன் வைத்து ஓட்டினோம், இந்த வருஷ நடுவில் அதற்கும் கெடுபிடி. ஒன்று போனால் இன்னொன்றுக்குத் தாவுவோம். தாவும்போது நாலைந்து பேர் தவறிவிடுவார்கள். அப்புறம் பொருளாளர் வீடு வீடாக ஆள் விட்டுப் பிடித்து வருவாள்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

முழங்கால் வலியோடு எழுதுகிறேன்.

கூடத்தில் ஆசிரியர்களுக்கு வரிசையாக நாற்காலி, எதிரே எங்களுக்குப் பாய். நாங்களே அறுபதை நெருங்குகிறோம். உட்காரும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு சத்தம் போட்டோம். கைகூப்பி மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கவேண்டும். மூன்றாவது வணக்கத்துக்குப் பிறகு எனக்கு முன்னால் இருந்த ஷான் இனத்துக்காரர் எழுந்திருக்கவே இல்லை. பயந்துபோய்த் தொட்டேன். “இரு, கால் மரத்துப்போச்சு” என்றார்.

சேதன வேதியியல் எடுத்த சயாமாவுக்கு, அதாவது டீச்சரம்மாவுக்கு, எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், கண் கூர்மை. உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. நம்பரைச் சொன்னேன். “பியூரெட்டை உடைத்தவள் பக்கத்தில் நின்றவள்” என்றார். உடைத்தவள் 17.

ஆசிரியர் எல்லாருக்கும் ஒரே தொகைதான். பேராசிரியராக ஓய்வு பெற்றவருக்கும் ஆய்வகத்தில் செய்முறை சொல்லிக் கொடுத்த டியூட்டருக்கும் வித்தியாசம் வைக்கக்கூடாது என்று முதல் வருஷமே சண்டை போட்டு முடிவு செய்தது. இந்த ஓய்வூதியத்தில் எண்ணெயும் அரிசியும் வாங்கவே காணாது. உறைக்குள் இருப்பது மரியாதையோடு மருந்துச் செலவும்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வர முடியாதவர்களுக்கு அடுத்த வாரம் வீட்டிலேயே போய்க் கொடுப்போம்.

மதியம் மொகிங்கா என்கிற மீன் நூடுல்ஸும் டான்பௌக் பிரியாணியும். சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பேர் பேச்சு 88 மாணவர் எழுச்சிக்குப் போனது. 1985-ல் சேர்ந்தவர்கள் நாங்கள். 88 மார்ச்சில் இன்யா ஏரிக்கரையில் மாணவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பூட்டிய வாசல் 1991-ல் திறந்தது, அந்த டிசம்பரிலேயே மறுபடி பூட்டினார்கள். நாலு வருஷப் படிப்பு 1992 வரை இழுத்தது. நடுவில் டியூஷன் எடுத்தோம், சுருட்டுச் சுற்றினோம், கல்யாணம் செய்துகொண்டோம். எல்லைக்குப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. பிள்ளைகளைப் பற்றி மட்டும் இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்த பிறகு எந்த வீட்டுப் பையன் எங்கே இருக்கிறான் என்பது கேட்கக்கூடாத கேள்வி ஆகிவிட்டது. நானும் இங்கே அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அனவ்ரதா சாலைக் காளி கோயிலில் கூட்டம். பொருளாளர் வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள், சர்க்கரைப் பொங்கலுக்கு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இந்த ஒரு நாள் மட்டும் எங்கள் பக்கம்.

2025 மார்ச் 28, வெள்ளி

மத்தியானம் ஒரு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். தண்ணீர்க் குடம் ஆடியது. எங்கள் தெருவில் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லோரும் இறங்கி நின்றோம். அப்புறம்தான் செய்தி: 7.7, மாண்டலே, சகாயிங். 1934-ல் கட்டிய பழைய ஆவா பாலம் ஐராவதியில் விழுந்து கிடக்கிற படம்.

குழுவில் பொருளாளர் ஒரே வரி: “இருப்பவர்கள் நம்பரைப் போடுங்கள். வேறு எதுவும் போடாதீர்கள்.”

4 வந்தது. 22. 9. 40. சிட்னியிலிருந்து 13 (அவனுக்கு என்ன ஆகப்போகிறது, ஆனாலும் போட்டான்). தாமரைப் பூ போடுகிற 26 வெறும் எண்ணை மட்டும் போட்டது இதுதான் முதல் தடவை. மாண்டலேயில் மூன்று பேர். 8 சாயங்காலம் வந்தது. 35 இரவு வந்தது. 31 வரவில்லை.

31 எங்கள் வகுப்பு பாய். ரமலான் கடைசி வெள்ளி, ஆட்டம் வந்த நேரம் ஜும்மா நேரம். அங்கே பள்ளிவாசல்கள் இடிந்த செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நேரே கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவர் போன் மணியே போகவில்லை.

2025 மார்ச் 29, சனி

ராத்திரி ஒன்றரைக்குச் சிங்கப்பூர்க்காரி கூப்பிட்டாள். அவளுக்கும் தூக்கமில்லை. இரண்டு பேரும் பாயின் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவர் டீயில் போடுகிற கன்டென்ஸ்டு மில்க் அளவைப் பற்றி.

2025 மார்ச் 30, ஞாயிறு

35 நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாய் இருக்கிறார். அரண்மனை அகழி ஓரம் பிளாஸ்டிக் விரிப்பில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார், தோளில் கட்டு. அவர் தம்பி பள்ளிவாசலுக்குள் இருந்தவர், உடலை நேற்று எடுத்தார்களாம். 35-ன் போனை வாங்கி பாயே “31” என்று மட்டும் போட்டார். அதற்குக் கீழே யாரும் கட்டைவிரல் போடவில்லை.

2025 ஏப்ரல் 5, சனி

ஒரு வாரமாகக் குழுவில் ஒரே சண்டை. ஆசிரியர் நிதியில் மீதி இருக்கிறது, அதை மாண்டலேக்கு எடுக்கலாமா? கூடாது, அது ஆசிரியர்களுக்கென்று கொடுத்த பணம் என்கிறார் ஷான்காரர். என் கட்சியும் அதுதான். இந்த வருஷம் கை வைத்தால் அடுத்த வருஷமும் ஏதாவது வரும், இந்த நாட்டில் வராமல் இருக்காது. சிட்னிக்காரன் உடனே எடுங்கள் என்று பத்துத் தடவை எழுதிவிட்டான்.

முடிவு: தனி வசூல், தனிக் கணக்கு. சயாமா தன் மகனிடம் டிசம்பர் உறையைக் கொடுத்தனுப்பியிருந்தார், பிரிக்காமலே. பொருளாளர் அதை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் அது என் வீட்டுக்கு வந்தது. வசூலில் சேர்த்துவிட்டேன், பொருளாளரிடம் நாளை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

தார்ப்பாய், கொசுவலை, குடிதண்ணீர் மாத்திரை, பாய் கேட்ட ரத்த அழுத்த மருந்து. லாரி செவ்வாய் கிளம்புகிறது. 22-ம் அவர் மகளும் கூடப் போகிறார்கள். ரசீது இல்லாமல் ஒரு கியாட் செலவு செய்யக்கூடாது என்று பொருளாளர் உத்தரவு.