ரப்பர் கொட்டை, தாயக்கட்டை, அப்புறம் கொஞ்சம் கணக்கு

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தது. அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, காசை நினைத்து யாரும் வருகிற வேலை இல்லை. தொடக்கநிலைக்குத்தான் சேர்ந்தேன், ஆனால் தம்பியைக் கொண்டு விட வந்த அக்காமார், அண்ணன்மார் எல்லாம் இங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே பாயில் இருந்தால் என்ன பாடம் நடத்துவது? கணக்கில் பயிற்சி கொடுப்பதுதான் ஒரே வழி, அதுவும் நான் ஒவ்வொருத்தராகத் திருத்திக்கொண்டு இருக்காமல் தானாக நடக்கிற மாதிரி.

இணையத்தில் பயிற்சித்தாளுக்குப் பஞ்சமே இல்லை. விடை 12 வந்தால் பச்சை அடி, 15 வந்தால் நீலம் அடி, கடைசியில் மயில் வரும் என்பது ஒரு வகை. பிள்ளைகள் சாமர்த்தியக்காரர்கள். இரண்டு கட்டம் நிரம்பியதும் மயில் என்று தெரிந்துவிடும், அப்புறம் ஒரு கூட்டல்கூடப் போடாமல் தோகையை அடித்து முடித்துவிடுவார்கள். இந்தத் தாள்களில் கணக்கு சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் மாதிரி நிற்கிறது, அவனைத் தாண்டிப் போய்விட்டால் படத்துக்கும் அவனுக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் நானே செய்வதென்று இறங்கியபோது எனக்கு நானே வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: கணக்குப் போடாமல் ஆட்டம் நகரக் கூடாது, தப்பாகப் போட்டால் நான் வாய் திறக்காமலே அது ஆட்டத்தில் தெரிய வேண்டும்.

முதலில் அட்டைகள். பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் விடை எழுதி ஜோடி சேர்க்கிற ஆட்டம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதில் கவனிக்க வேண்டியது கடைசி ஜோடி. கணக்கும் விடையும் சரி எண்ணிக்கையில் இருந்தால் கடைசி இரண்டு மூன்று அட்டைகள் யோசிக்காமலே ஒட்டிக்கொள்ளும். அதனால் விடை அட்டைகளைக் கூடுதலாகப் போட்டேன், அதுவும் கண்ட எண்ணை இல்லை. 52-இல் 38 போனால் எத்தனை என்றால் பாதிப் பேர் 26 என்பார்கள். 2-இலிருந்து 8 போகாது என்பதால் 8-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள், கடன் வாங்குகிற வேலையே இல்லை. ஆக 14-உம் இருக்கும், 26-உம் இருக்கும். கூடவே 64 கழித்தல் 38 என்று ஒரு அட்டை. அதற்கு உண்மையான விடை 26. முதலில் 26-ஐ எடுத்துப் போனவனுக்கும் அடுத்து 26 தேடி வருகிறவளுக்கும் அங்கே ஒரு சண்டை மூளும் பாருங்கள், அந்தச் சண்டையில் நடக்கிற பாடம் நான் கரும்பலகையில் நடத்தினால் நடக்காது.

ரப்பர் கொட்டை ஆவணி வாக்கில் தோட்டமெல்லாம் கிடக்கும், செலவே இல்லை. வெயிலில் காய் டப்பென்று வெடித்துச் சிதறும். ஒரு காய்க்குப் பொதுவாக மூன்று கொட்டை. மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்! (ஒரு விஷயம், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பச்சைக் கொட்டை விஷம்.) பெருக்கல் எளிதாகப் போனது, நான் வகுத்தலுக்குத் திருப்பினேன். பொறுக்கி வந்ததில் 37 கொட்டை இருக்கிறது, எத்தனை காய் வெடித்திருக்கும்? நான்காம் வகுப்புப் பையன் மூன்று மூன்றாகக் கூறு போட்டு "பன்னிரண்டு, மீதி ஒண்ணு" என்றான். புத்தகத்துக்கு அது போதும். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "அந்த ஒண்ணு எங்கேயிருந்து வந்துது? அதுக்கும் ஒரு காய் வெடிச்சிருக்கணும்லா, பதிமூணு." சரி, அப்படியானால் மற்ற இரண்டு கொட்டை எங்கே? "புல்லுக்குள்ள கிடக்கும் டீச்சர்." அப்புறம் மூன்றாவது ஆள், எப்போதும் வாயே திறக்காத பிள்ளை, பதிமூன்றுக்கு மேலேயும் இருக்கலாம், மழைத் தண்ணி கொண்டு போயிருக்கும் என்றது. பதிமூன்றுக்குக் குறையாது, கூடலாம் என்கிற இடம் வரைக்கும் அவர்களே வந்துவிட்டார்கள். மீதியை என்ன செய்வது என்பது கதையைப் பொறுத்தது என்பதை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது, அன்றைக்குத்தான் மனசிலாச்சு அவர்களுக்கு.

ஆறு, ஏழு படிக்கிறவர்களுக்கும் இதே கொட்டைதான். சிவப்பு மஞ்சாடி விதை ஒன்று கூட்டல் 1, ரப்பர் கொட்டை ஒன்று கழித்தல் 1, இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம், களத்திலிருந்து வெளியே எடுத்துவிடலாம். கையில் 3 மஞ்சாடி மட்டும் இருக்கும்போது 2 ரப்பர் கொட்டையைக் கொடு என்றால் முழிப்பார்கள். இல்லாததை எப்படிக் கொடுப்பது? இரண்டு பூஜ்ய ஜோடியைக் கொண்டுவந்து போட்டு, அதிலிருந்து ரப்பர் கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கையில் 5 மஞ்சாடி. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தாயம் வந்த அன்று பக்கத்து வீட்டு அம்மச்சி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "என்ன மக்கா, பிள்ளைகளைப் படிக்க வைக்காம தாயம் உருட்ட விட்டிருக்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தாயக்கட்டையில் எட்டாம் வகுப்புக்கு நிறைய இருக்கிறது. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவை 1, 2, 3. இரண்டு கட்டைக்குமாக நாலுக்கு நாலு, 16 கட்டம் போட்ட அட்டவணை எழுதச் சொன்னேன். தாயம், அதாவது 1, விழ இரண்டே வழி, அதாவது எட்டில் ஒரு பங்கு. 6-க்கு ஒரு வழி, இரண்டும் வெறுமையாக விழுகிற 12-க்கும் ஒரு வழி. 3-க்கோ நான்கு. "அதான் சனியன் மூணு மூணா விழுது" என்றான் ஒருத்தன். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அதற்கு என்ன வாய்ப்பு என்று கேட்டால் பதினாறில் ஆறு, சுருக்கினால் எட்டில் மூன்று. ஒன்பதாம் வகுப்பில் வரப்போகிற நிகழ்தகவு முன்னாடியே வந்துவிட்டது. அம்மச்சியிடம் அட்டவணையைக் காட்டினார்கள். அவர் அதைப் பார்க்காமல், தன் காலத்தில் சோழியில் ஆடியதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

விகிதத்துக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை, கன்னியாகுமரியில் நிற்கிறது. வள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி, பீடம் 38, சிலை 95. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருப்பார். கணக்குக்காரருக்கு வேறு விருந்து: 38-உம் 95-உம் 19-ஆல் வகுபடும், 2-க்கு 5. ஆக 1 சென்டிமீட்டர் 19 அடி என்று வைத்துக்கொண்டால் பீடம் 2, சிலை 5, நோட்டில் 7 சென்டிமீட்டரில் வள்ளுவர் நிற்பார். தப்பாகச் சுருக்கினவனுடைய வள்ளுவர் குள்ளமாகிப் போவார், எல்லோரும் பார்த்தவர் என்பதால் உடனே சிரிப்பு எழும்பும். 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் ஒரு பெண் வரைய வேண்டும் என்றாள். அது 77 மீட்டர், அடியாக மாற்றினால் ஏறக்குறைய 253, அதே அளவில் 13.3 சென்டிமீட்டர். சின்ன நோட்டைத் திருப்பிப் பிடித்து வரைந்தாள்.

இப்போது பின்னத்தில் நிற்கிறேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறவர்களுக்காக 12 சென்டிமீட்டர் பட்டி வெட்டியிருக்கிறேன்: அரைக்கு 6, மூன்றில் ஒன்றுக்கு 4, காலுக்கு 3, ஆறில் ஒன்றுக்கு 2. சீட்டு எடுத்து முழுப் பட்டியை மிச்சமில்லாமல் நிரப்புகிறவர் ஜெயித்தார். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது என்பதையும் பட்டியிலேயே காட்ட ஆசை, அதற்கு 12 உதவாது, 5-ஆலும் வகுபட வேண்டுமே, 60 வேண்டும். கல்யாண அழைப்பிதழில் 60 சென்டிமீட்டருக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜ் வாங்கிய வீடு ஏதாவது இருக்கிறதா, அந்த அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.